04342 எப்படி 2274 ஆனது?

யாருமே வாங்காமல் சரக்கு குறைந்துகொண்டிருந்தது. காலையில் 40 சுருள் சொட்டுநீர்ப் பைப் இருப்பு என்று காட்டிய பக்கம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 23 என்றது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "காலையிலிருந்து ஒரு சுருள்கூட நகரலையே தம்பி" என்றார். பக்கத்தை மறுபடி திறந்தேன். 22. இன்னொரு முறை திறந்தேன். 21. நான் பார்க்கப் பார்க்கக் குறைந்தது.

2018 ஜூன் மாதம் அது. பிசிஏ முடித்துவிட்டு, தருமபுரி பென்னாகரம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்து மூன்றாவது வாரம். மூன்று மேசை, ஒரு இன்வெர்ட்டர், ஜன்னலோரம் ஒரு மண்பானை. அதை நடத்தியவர் பெங்களூரில் பத்து வருடம் புரோகிராம் எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. என் கையில் முதலில் வந்தது, தருமபுரி, அரூர், பாலக்கோடு மூன்று ஊரிலும் கிளை வைத்திருந்த ஒரு உரக்கடையின் இணையப் பக்கம். உரத்தோடு சொட்டுநீர்ச் சாமான்களும் விற்பார்கள். பக்கம் பிஎச்பியில் எழுதப்பட்டது. பொத்தான்கள், கணக்குப் போடும் பெட்டிகள் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்.

நான் செய்திருந்தது இதுதான். ஆர்டர் பொத்தானை அழுத்தினால் இருப்பில் ஒன்று கழிய வேண்டும். பொத்தானுக்கான ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனுக்குள்ளேயே, டேட்டாபேஸில் ஒன்றைக் கழிக்கும் பிஎச்பி வரியை எழுதி வைத்தேன். அழுத்தினால்தானே அந்த வரிக்கு வரும் என்பது என் நினைப்பு.

அக்கா திட்டவில்லை. "கன்ட்ரோல் யூ அழுத்து" என்றார். பிரவுசருக்கு வந்து சேர்ந்த பக்கம் அப்படியே எழுத்தாக விரிந்தது. "உன் ஃபங்ஷனைத் தேடு."

தேடினேன். ஃபங்ஷன் இருந்தது. உள்ளே வெறும் இடம்.

"பிஎச்பி வரியைக் காணோம் அக்கா."

"காணாமப் போகலடா. அது சர்வர்லயே ஓடி முடிஞ்சிருச்சு. நீ பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஓடுது. பொத்தானுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பிறகு என்னிடம் கேட்டார்: "உங்கம்மா உங்கண்ணனுக்கு பஸ்ல சாமான் போட்டு விடுவாங்கல்ல?"

காரிமங்கலம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஆமாம் என்றுதான் பதில் வரும். வீட்டுக்கு ஒருவராவது பெங்களூரில் இருப்பார். கேவுரு மாவு, புளி, கொள்ளு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, மேலே பேரும் போன் நம்பரும் எழுதி, கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிடுவார் அம்மா. கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி மடிவாளாவில் அண்ணன் நின்று இறக்கிக்கொள்வான்.

"பஸ் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டுன பிறகு அம்மாவுக்கு மிளகாத்தூள் ஞாபகம் வந்தா?"

"அடுத்த பஸ்லதான் போடணும்."

"அவ்வளவுதான் பாடம். பிஎச்பி உங்கம்மா அடுப்படி. ஜாவாஸ்கிரிப்ட் உங்கண்ணன் ரூம். நீ எழுதுறப்ப ரெண்டும் ஒரே ஃபைல்ல அடுத்தடுத்த வரியா இருக்கு. ஓடுறப்ப வேற வேற ஊரு, வேற வேற நேரம். நடுவுல போறது எழுத்து மட்டும்தான்."

அன்று மாலை அந்த வரியை எடுத்தேன். ஆனால் அடுப்படியிலிருந்து அந்த அறைக்குச் சாமானை எப்படி மூட்டை கட்டுவது என்று படிய எனக்கு அடுத்த ஒரு வருடம் பிடித்தது.

*

ஏன் அனுப்ப வேண்டும்? இரண்டு பக்கமும் அவரவருக்கு வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டால் போதாதா? இந்தச் சந்தேகம் எனக்கு இருந்தது. அதைத் தீர்த்தது யூரியா.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக மாறியிருந்தது. கடைப் பக்கத்தில் ஒரு கணக்குப் பெட்டி உண்டு. எத்தனை கிலோ வேண்டும் என்று போட்டால் எத்தனை மூட்டை என்று சொல்லும். எனக்கு முன்னால் எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட்டில் நேரடியாக 50 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். சர்வரில் பில் போடும் இடத்தில் யாரோ 45 என்று திருத்தியிருந்தார்கள். 200 கிலோ என்று போட்டால் பக்கம் நாலு மூட்டை என்றது, பில் ஐந்து மூட்டை என்றது. "இதுல நாலு, அதுல அஞ்சு, எதை நம்புறது?" என்று பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி ஒருவர் கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

ஒரு எண்ணை இரண்டு இடத்தில் எழுதினால் ஒருநாள் ஒன்றை மட்டும்தான் திருத்துவோம். மூட்டையின் எடை டேட்டாபேஸில் ஒரு இடத்தில் இருக்க வேண்டும். சர்வர் அதை எடுத்துப் பக்கத்தோடு அனுப்ப வேண்டும். பிரவுசர் அதைக் கொண்டு கணக்குப் போட வேண்டும். இதுதான் இந்த வேலைக்கே காரணம்.

எடையை அனுப்பினேன். ஸ்கிரிப்ட்டுக்குள் "எடை =" என்று எழுதி, பக்கத்தில் பிஎச்பி 45 என்று அச்சிடும்படி வைத்தேன். வேலை செய்தது. சந்தோஷத்தில் அடுத்து எஸ்டிடி கோடுகளையும் அப்படியே அனுப்பினேன்.

கிளையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கிளையின் போன் நம்பர் வர வேண்டும். தருமபுரிக்கு 04342, அரூருக்கு 04346, பாலக்கோட்டுக்கு 04348. மூன்றும் டேட்டாபேஸில் சரியாக இருந்தன. பக்கத்தின் மூல எழுத்திலும் சரியாக இருந்தன. கன்ட்ரோல் யூ அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது: "தம்பி, 2274 எந்த ஊரு கோடு?"

தருமபுரி 2274 ஆகியிருந்தது. அரூர் 2278. பாலக்கோடு மட்டும் 4348, முன்னால் இருந்த பூஜ்யத்தை மட்டும் இழந்து.

மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் ஏதாவது ஊகித்திருப்பேன். இரண்டு ஒருவிதம், ஒன்று வேறுவிதம் என்றதும் தலை சுற்றியது. அக்கா ஒரு காகிதத்தை எடுத்தார். ஜாவாஸ்கிரிப்ட்டில் மேற்கோள் இல்லாமல் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எழுதினால், அதை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சி மொழியிலிருந்து வந்தது. எட்டின் அடிமானத்தில் 4342 என்றால் நான்கு 512, மூன்று 64, நான்கு 8, அப்புறம் ஒரு 2. அதாவது 2048, 192, 32, 2. கூட்டினால் 2274. அரூருக்குக் கடைசி இலக்கம் 6. அதனால் நாலு கூடி 2278. பாலக்கோட்டில் 8 இருக்கிறது. எட்டின் அடிமானத்தில் 7க்கு மேல் இலக்கமே கிடையாது. அதனால் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டது.

"இது நம்பரே இல்லடா" என்றார் அக்கா. "எஸ்டிடி கோடைக் கூட்டுவியா, கழிப்பியா? கூட்டிக் கழிக்காததெல்லாம் எழுத்து. மேற்கோளுக்குள்ள போடு." அன்றிலிருந்து பின்கோடு, பட்டா எண், ஆதார் எண் எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

*

மேற்கோள் போடக் கற்றுக்கொண்டதும் எல்லாவற்றையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு பொத்தானும் வேலை செய்யவில்லை. கடையில் புதிதாக ஒரு சாமானைச் சேர்த்திருந்தார்கள்: 2" எல்போ.

இஞ்ச் குறிக்கு அவர்கள் போட்டது இரட்டை மேற்கோள். பிரவுசர் என்ன கண்டது? மேற்கோள் திறந்தது, 2 வந்தது, மேற்கோள் மூடியது. அதோடு பெயர் முடிந்ததென்று எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த "எல்போ" என்ன கட்டளை என்று புரியாமல் மொத்த ஸ்கிரிப்ட்டையும் கைவிட்டுவிட்டது. பிழை ஒரு எழுத்தில் இருந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் ஓடாது.

சரி, ஒற்றை மேற்கோளுக்கு மாற்றினேன். அடுத்த நாளே 20' பைப் வந்தது. அடிக் குறிக்கு ஒற்றை மேற்கோள்! பிறகு மேற்கோள்களுக்கு முன்னால் பின்சாய்கோடு போடும் ஃபங்ஷனைக் கண்டுபிடித்தேன். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் அரூர் கிளையின் முகவரியை யாரோ இரண்டு வரியாக, நடுவில் என்டர் தட்டிச் சேர்த்தார்கள். மேற்கோளுக்குள் வரி உடைந்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. மறுபடி எல்லாப் பொத்தானும் செத்தன.

ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருந்த என்னை அக்கா அதுவரை வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் சொன்னார்: "நீ இப்ப என்ன பண்ற தெரியுமா? ஒரு மொழியில உக்காந்துக்கிட்டு இன்னொரு மொழியில வாக்கியம் எழுதுற. அந்த மொழிக்காரன் காதுல அது எப்படி விழும்னு தெரியாமலே எழுதுற. இந்த ஊரு ராசா தூது அனுப்புனப்ப யாரைப் பார்த்து அனுப்புனாரு?"

தகடூர் அதியமான் தொண்டைமானிடம் அனுப்பியது அவ்வையை. புகழ்வதுபோல் பேசியே சொல்ல வேண்டியதைத் தொண்டைமானுக்குப் புரியவைத்தவர் அவர். சொல்கிற சொல் கேட்கிறவர் காதில் என்னவாக மாறும் என்று தெரிந்தவர்தான் தூது போக முடியும். எங்கள் வேலையில் அந்தத் தூதுக்கு ஜேசன் என்று பெயர்.

பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரே ஆண்டில் வெளியே வந்தவை. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி வைத்திருந்த சிறு கருவிகளை 1995 ஜூனில் பொதுவில் வைத்தார். அதுதான் பிஎச்பி ஆனது. அதே ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி. பிறந்தது ஒரே ஆண்டு என்றாலும் இரண்டும் ஒன்றோடொன்று பேசப் பொதுவான ஏற்பாடு ஏதும் அப்போது கிடையாது. என்னைப்போல் ஆளாளுக்கு மேற்கோளும் சாய்கோடும் போட்டுத்தான் ஓட்டினார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் பட்டியல் எழுதும் முறையையே கொஞ்சம் சுருக்கி, எந்த மொழியும் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவமாக டக்ளஸ் கிராக்ஃபோர்டு முன்வைத்ததுதான் ஜேசன். 2006 நவம்பரில் வந்த பிஎச்பி 5.2இல் அதற்கான ஃபங்ஷன்கள் கூடவே வந்துவிட்டன. ஜேசன் என்கோடு என்ற அந்த ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்தால் இஞ்ச் குறி, அடிக் குறி, உடைந்த வரி எல்லாவற்றையும் அதுவே கட்டிக்கொடுக்கும். எண்ணை எண்ணாகவும் எழுத்தை எழுத்தாகவும் வைக்கும். சுற்றிலும் நாமாக மேற்கோள் போடக் கூடாது; மூட்டை கட்டுவது முழுக்க அதன் வேலை.

நான் எழுதியிருந்த நாற்பது வரியை அழித்து ஒரே வரி எழுதினேன். பன்னிரண்டு வருடமாக இருந்த ஃபங்ஷன் அது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். "சொல்லியிருந்தா ஏன்னு கேட்டிருக்க மாட்ட" என்றார்.

*

ஜேசனோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை.

அது சாய்கோட்டுக்கு முன்னாலும் ஒரு பின்சாய்கோடு போடும். பட முகவரிகள் பார்க்க அசிங்கமாக இருந்தன என்று, சாய்கோட்டை அப்படியே விடும் வசதியை இயக்கினேன். அக்கா வந்து, கடைப் பக்கத்தின் "குறிப்பு" பெட்டியில் ஸ்கிரிப்ட்டை மூடும் குறியை, அதாவது </ போட்டு ஸ்கிரிப்ட் என்ற சொல்லைத் தட்டிச் சேமித்தார். பக்கம் பாதியில் கிழிந்தது. என் சாமான் பட்டியலின் மிச்சப் பகுதி திரையில் எழுத்தாகக் கொட்டிக் கிடந்தது.

மேற்கோளுக்குள்தானே இருந்தது? அந்த மேற்கோள் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குத்தான் மேற்கோள். அதற்கு முன்னால் பக்கத்தைப் படிப்பது எச்டிஎம்எல். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணம் தெரியாது. மூடும் குறியைக் கண்டதும் ஸ்கிரிப்ட் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மூட்டைக்குள் இருக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் கண்டக்டருக்குக் கவலையில்லை. ஆனால் மூட்டையின் மேலே "ஓசூரில் இறக்கவும்" என்று யாராவது எழுதிவிட்டால் ஓசூரில் இறக்கிவிடுவார்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மூடும் குறிக்குப் பின்னால் புதிதாக ஒரு ஸ்கிரிப்ட்டைத் திறந்து எழுதினால், அது அந்தப் பக்கத்தைப் பார்க்கும் அடுத்தவர் பிரவுசரில் ஓடும். பயனர் தட்டிய எழுத்து இப்படிக் கட்டளையாக மாறினால் என்ன நடக்கும் என்று 2005 அக்டோபரில் உலகமே பார்த்தது. சாமி கம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் பக்கத்தில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பக்கங்களுக்குத் தானாகப் பரவியது. சாய்கோட்டு வசதியை அணைத்தேன். <, > குறிகளையும் குறியெண்ணாக மாற்றிவிடும் வசதியை இயக்கினேன். அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

அடுத்தது தமிழ். சாமான் பெயர் நீளமாக இருந்தால் இருபது எழுத்தோடு வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். வெட்டியதும் மொத்தப் பட்டியலும் காணாமல் போனது. மூல எழுத்தில் சமக்குறி இருந்தது, அதற்குப் பிறகு அரைப்புள்ளி இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை.

நான் வெட்டியது எழுத்தை இல்லை, பைட்டை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். "சொட்டுநீர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "சொட்டு" என்பதற்குள் ஆறு குறியீடுகள்: ச, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி. 18 பைட். மிச்சம் இருந்த இரண்டு பைட்டில் ந-வின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் மாட்டிக்கொண்டது. உடைந்த எழுத்தைப் பார்த்த ஜேசன் ஃபங்ஷன் முழுவதையும் மறுத்து, பொய் என்ற விடையைத் தந்தது. பிஎச்பியில் அந்தப் பொய்யை அச்சிட்டால் வருவது வெற்றிடம்தான். குறியீடு குறியீடாக எண்ணும் ஃபங்ஷனால் வெட்டினாலும் தமிழில் முழுத் தீர்வு இல்லை. ஏழாவதில் வெட்டினால் "நீ" வெறும் "ந" ஆகிவிடும். "வெட்டுறது கண்ணுக்குத்தான். முழுசா அனுப்பு, வெட்டுறதை சிஎஸ்எஸ் பார்த்துக்கும்" என்று அக்கா முடித்துவைத்தார்.

எழுத்தின் எடையையும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். "தருமபுரி" எட்டுக் குறியீடு, 24 பைட். ஜேசன் ஃபங்ஷன் வழக்கமாகத் தமிழைத் தமிழாக அனுப்பாது. ஒவ்வொரு குறியீட்டையும் பின்சாய்கோடு போட்டு ஆறு எழுத்து நீளமுள்ள எண்ணாக மாற்றும். அப்போது 48 பைட். பிஎச்பி 5.4 முதல், தமிழை அப்படியே விடச் சொல்லும் வசதி உண்டு. சித்தேரி மலையில் ஒரு கோடு சிக்னலில் பக்கத்தைத் திறப்பவருக்கு அந்தப் பாதி பெரிது. இந்த வசதியை மட்டும் இன்றும் இயக்கித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு பொறி, அரூர் கிளையைச் சரக்குக் கணக்கெடுப்புக்காக ஒரு வாரம் மூடியபோது வந்தது. மூன்று கிளைப் பட்டியலிலிருந்து நடுவில் இருந்த அரூரை வடிகட்டி எடுத்தேன். பிரவுசரில் பட்டியல் பட்டியலாகவே இல்லை. ஒவ்வொன்றாக எடுக்கும் கட்டளை தோற்றது. பிஎச்பியில் வரிசை எண் 0, 1, 2 என்று இருந்தது 0, 2 என்று மிச்சமாகிவிட்டது. நடுவில் ஓட்டை விழுந்ததும் ஜேசன் அதை வரிசையாக அனுப்பாமல், பெயரிட்ட பொருளாக அனுப்பிவிட்டது. கடைசியில் இருந்த பாலக்கோட்டை மூடியிருந்தால் இந்தப் பிழை தெரிந்தே இருக்காது. வடிகட்டிய பிறகு எண்ணை மறுபடி வரிசைப்படுத்த ஒரு ஃபங்ஷன் போதும்.

*

பஸ்ஸில் சாமான் வைக்க மேலே கேரியர் உண்டு, பின்னால் டிக்கி உண்டு, டிரைவர் பக்கத்து இன்ஜின் மேலும் வைக்கலாம். எங்கே வைக்கிறோமோ அதற்கேற்பத்தான் கட்ட வேண்டும். பக்கத்திலும் அப்படித்தான்.

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விலை, ஒரு எண் என்று சின்னத் தகவலாக இருந்தால், அந்தச் சாமானின் எச்டிஎம்எல் குறியிலேயே டேட்டா என்று தொடங்கும் பண்பாக ஒட்டி அனுப்பலாம். பொத்தானை அழுத்தியதும் அதன் விலை அதன் மேலேயே இருக்கும். ஆனால் அங்கிருந்து எடுப்பது எப்போதும் எழுத்து. நான் 450 ரூபாய் விலையோடு 50 ரூபாய் வண்டிச் செலவைக் கூட்டினேன்; மொத்தம் 45050 ரூபாய் என்று வந்தது. எழுத்தும் எழுத்தும் கூடினால் ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். பண்புக்குள் வைக்கும்போது எச்டிஎம்எல் சிறப்புக் குறிகளை மாற்றும் ஃபங்ஷன் கட்டாயம். அன்றைய பிஎச்பி 7இல் அது ஒற்றை மேற்கோளைத் தானாக மாற்றாது. சொல்லித்தான் மாற்ற வைக்க வேண்டும். 8.1 முதல்தான் சொல்லாமலே மாற்றுகிறது.

பெரிய பட்டியல் என்றால், ஸ்கிரிப்ட் குறிக்குள்ளேயே, ஆனால் "இது ஜேசன், ஓட்டாதே" என்று வகை எழுதி ஒரே இடத்தில் வைப்பது அக்காவின் வழக்கம். பிரவுசர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. நம் புரோகிராம் போய்ப் படித்து, ஜேசன் பார்ஸ் செய்து பிரித்துக்கொள்ளும். இங்கே எச்டிஎம்எல் மாற்றும் ஃபங்ஷனைப் போடக் கூடாது. ஸ்கிரிப்ட்டுக்குள் அந்த மாற்றுக் குறிகளை யாரும் திருப்பி மாற்றமாட்டார்கள், பிரிக்கும்போது உடையும். பண்புக்குக் கட்டிய கட்டை ஸ்கிரிப்ட்டுக்கும், ஸ்கிரிப்ட்டுக்குக் கட்டியதைப் பண்புக்கும் கட்டி நான் கெடுத்த மாலைகள் பல.

பட்டியலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்த அன்று, பெருமையோடு அக்காவிடம் காட்டினேன். அவர் கன்ட்ரோல் யூ அழுத்திப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "கொள்முதல் விலை 310. இது யாருக்கு?"

டேட்டாபேஸ் வரியை அப்படியே மொத்தமாக அனுப்பியிருந்தேன். திரையில் காட்டவில்லை, அதனால் தெரியாது என்று நினைத்தேன். கடைக்காரர் என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது, எதிர்க்கடைக்காரர் இரண்டு விசையை அழுத்தினால் தெரியும்படி இருந்தது. அனுப்பியது எதுவும் மறைவானதில்லை. தேவையான நாலு விவரத்தை மட்டும் பொறுக்கிக் கட்ட வேண்டும். கோணியோடு தூக்கிப் போடக் கூடாது.

அவர் அதோடு விடவில்லை. பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, 450 என்ற விலையை 1 என்று மாற்றி ஆர்டர் பொத்தானை அழுத்தினார். ஒரு ரூபாய்க்கு ஆர்டர் பதிவானது! நான் அனுப்பிய விலையை பிரவுசர் திருப்பித் தந்தது, சர்வர் அதை நம்பி எடுத்துக்கொண்டது. பிரவுசரிலிருந்து வருவது வாடிக்கையாளர் சொல்லும் பேச்சு. எந்தச் சாமான், எத்தனை என்று மட்டும் அவரிடம் கேட்க வேண்டும். விலையை டேட்டாபேஸில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

அடுத்த பஸ் என்று அக்கா சொன்னது கடைசியாக வந்தது. பக்கம் வந்து சேர்ந்த பிறகும் சர்வரிடம் கேட்டு வாங்குவது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். இன்று பெரும்பாலும் ஃபெட்ச் என்ற ஃபங்ஷனால் செய்கிறோம். என் முதல் பிழையான இருப்புக் கணக்கை இப்படித்தான் சரி செய்தேன். பொத்தானை அழுத்தினால், சர்வரில் தனியாக இருக்கும் ஒரு முகவரிக்கு ஒரு கோரிக்கை போகும். சர்வர் இருப்பில் கழித்துவிட்டு, மிச்சம் எத்தனை என்று ஜேசனில் சொல்லும். பக்கம் அந்த எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

இதிலும் ஒரு பிழைச் செய்தி எனக்கு மனப்பாடம்: ஜேசனில் பூஜ்யமாவது இடத்தில் எதிர்பாராத < குறி. முதலில் பார்த்தபோது என் ஜேசனில் < எங்கே என்று ஒரு மணி நேரம் தேடினேன். வந்தது ஜேசனே இல்லை. லாகின் காலாவதியாகி, சர்வர் லாகின் பக்கத்தை அனுப்பியிருந்தது. அதன் முதல் எழுத்து <. மூட்டையில் கேவுரு மாவு இல்லை என்று புலம்புவதற்கு முன், இறக்கியது நம் மூட்டைதானா என்று பார்க்க வேண்டும்.

இப்போது அதே மாடியில் எனக்குக் கீழே இரண்டு பேர் பழகுகிறார்கள். ஒரு பெண் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வருகிறார், ஒரு தம்பி நல்லம்பள்ளி. ரியாக்ட், லாரவெல் எல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவை மேற்கோளையும் சாய்கோட்டையும் தாமே பார்த்துக்கொள்கின்றன. நான் பட்ட பாதிப் பாட்டை அவர்கள் பட வேண்டியதில்லை. எதை அனுப்பலாம், திரும்பி வந்ததை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும் எந்தக் கருவியும் பார்த்துக்கொள்வதில்லை. சேர்ந்த முதல் வாரம் அவர்களுக்கு ஒரே வேலைதான் தருகிறேன்: தாங்கள் எழுதிய பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் யூ அழுத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது. வேலை பழகும் யாருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். நீங்கள் எழுதியதைப் படிப்பதைவிட, போய்ச் சேர்ந்ததைப் படியுங்கள்.

அந்த உரக்கடைப் பக்கம் இன்னும் ஓடுகிறது. தருமபுரி கிளைக்கு நேரே 04342 என்றே வருகிறது, மேற்கோளுக்குள்.